குருதியைக் கழுவினால் போதுமா?

"வாரந்தவறாமல் டயாலிசிஸ் நடக்கிறது, ஊசி மருந்தும் கிடைக்கிறது, கையிலிருந்து காசும் போகவில்லை, பிறகு ஏன் இந்த மனிதர் நாளுக்கு நாள் நாராகிக்கொண்டே போகிறார்?" தறியோட்டியவரை, மூட்டை சுமந்தவரை, பேருந்து ஓட்டியவரைக் கட்டிலில் கிடத்திவிட்டுக் கலங்கி நிற்கும் மனைவிமார் கேட்கிற கேள்வி இது. விதி என்பார் வேதாந்தி! கிரகக் கோளாறு என்பார் சோதிடர்! நாம் கேட்பது வேறு, தோழர்களே! அந்த மனிதர் நேற்று என்ன சாப்பிட்டார்?

நோயைப் பற்றிப் பேச வந்தவர்கள் சோற்றைப் பற்றி ஏன் கேட்கவேண்டும் என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. குருதியைக் கழுவுகிற இயந்திரம் குப்பையை மட்டும் கொண்டுபோவதில்லை. கூடவே வீட்டுச் சொத்திலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகிறது. அந்தச் சொத்தின் பெயர் புரதம்.

குருதி என்றால் ஏதோ சிவப்புத் தண்ணீர் என்று எண்ணிவிடாதீர்கள். சிவப்பணுக்களையும் வெள்ளை அணுக்களையும் நீக்கிவிட்டு எஞ்சிய நீரைப் பார்த்தால், 100 மில்லியில் ஏறத்தாழ 7 கிராம் புரதம் கரைந்திருக்கிறது. அதிலே பாதிக்கு மேல் ஆல்புமின். முட்டை வெண்கருவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது! கல்லீரல் என்ற ஆலையிலே அல்லும் பகலும் உற்பத்தியாகும் சரக்கு. அது செய்யும் வேலை என்ன? குருதிக் குழாய்க்குள் இருக்கவேண்டிய நீரைக் குழாய்க்குள்ளேயே பிடித்து வைத்திருப்பது. மருந்துகளையும் கொழுப்புப் பொருள்களையும் தோளில் சுமந்து உடலெங்கும் கொண்டு சேர்ப்பது. ஆல்புமின் குறைந்தால் நீர் குழாயைவிட்டுக் கசிந்து காலிலே தங்குகிறது, முகத்திலே ஊதுகிறது. "நல்லா சதை போட்டிருக்காரே" என்று பார்க்க வந்தவர் சொல்லிவிட்டுப் போகிறார். சதையா அது? சதை கரைந்த இடத்திலே தேங்கிய தண்ணீர்!

1990-இல் அமெரிக்காவில் லோரி, லூ என்னும் இருவர், டயாலிசிஸ் செய்துகொள்ளும் 12,000-க்கும் மேற்பட்டவர்களின் இரத்தச் சோதனைக் கணக்குகளைக் கொட்டி ஆராய்ந்தார்கள். யார் பிழைக்கிறார், யார் இறக்கிறார் என்பதை முன்கூட்டிக் காட்டும் அளவுகளில் முன்வரிசையில் நின்றது எது தெரியுமா? ஆல்புமின்! அது இறங்க இறங்க இறப்பு ஏறுகிறது. சாதகக் கட்டத்தைப் பார்த்துச் சொல்லவில்லை அவர்கள். சோதனைக் குழாயைப் பார்த்துச் சொன்னார்கள்.

இனி, இயந்திரம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். கட்டடம் கட்டும் இடத்திலே சித்தாள் மணல் சலிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மணல் கீழே விழும். கூழாங்கல் சல்லடைமேல் நிற்கும். டயாலிசிஸ் என்பதும் சல்லடைதான். 1861-இல் தாமஸ் கிரகாம் என்ற ஸ்காட்லாந்து வேதியியலார், சில பொருள்கள் மெல்லிய தாளைத் தாண்டிப் போகின்றன, சில போவதில்லை என்று கண்டு, அந்தப் பிரிவினைக்கு இட்ட பெயரே டயாலிசிஸ். அதை மனிதன் உயிர்காக்கும் கருவியாக்கியவர் வில்லெம் கோல்ஃப் என்ற டச்சு மருத்துவர். 1943! இட்லரின் படை ஆலந்து நாட்டை மிதித்துக்கொண்டிருந்த நேரம். மருத்துவமனையில் பொருள் கிடையாது. இறைச்சிக் கடையிலே சாசேஜ் செய்யப் பயன்படும் செலோஃபன் உறையை எடுத்து, மர உருளையிலே சுற்றி, நோயாளியின் குருதியை அதற்குள் ஓடவிட்டு, உப்பு நீரிலே சுழலவிட்டார். முதலில் வந்தவர்களில் பலரைக் காப்பாற்ற முடியவில்லை. 1945-இல் ஒரு மூதாட்டி பிழைத்தெழுந்தார். யாகம் வளர்த்தா வந்தது அந்த வெற்றி? இறைச்சி உறையும் இடைவிடா உழைப்பும் தந்த வெற்றி அது!

அந்தச் சல்லடையிலே யூரியா என்ற கழிவு மணல் போன்றது. அதன் மூலக்கூறு எடை 60. ஆல்புமினோ 66,000-க்கு மேல். மணலுக்கும் பாறைக்கும் உள்ள வேறுபாடு! ஆகவே யூரியா வெளியேறும், ஆல்புமின் உள்ளே நிற்கும். இதுவரை நல்லது. ஆனால், புரதம் என்ற சுவரைக் கட்டுவதற்கு வேண்டிய செங்கல் இருக்கிறதே, அமினோ அமிலம், அது சிறியது. ஏறத்தாழ 75 முதல் 200 வரைதான் எடை. குப்பை போகும் ஓட்டை வழியாகவே அந்தச் செங்கல்லும் போய்விடுகிறது. நாலு மணி நேரம் இயந்திரத்தோடு கிடந்து எழுந்தால் 6 முதல் 12 கிராம் வரை அமினோ அமிலம் கழிவு நீரோடு போயிருக்கும். செங்கல் போனால் உடல் சும்மா இருக்குமா? இருக்கிற சுவரை இடித்துச் செங்கல் எடுக்கிறது. அதாவது தசையைக் கரைக்கிறது. தொடை மெலிவதும், மாடிப்படி மலையாகத் தெரிவதும் அதன் விளைவு.

"அப்படியானால் சல்லடை ஓட்டையை இன்னும் சிறிதாக்கிவிட்டால் போகிறது" என்று ஒரு தோழர் சொல்லக்கூடும். அங்கேதான் சிக்கல்! போகவேண்டிய புரதமும் ஒன்று இருக்கிறது. பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்பது அதன் பெயர். பெயர்தான் நீளம், எடை 11,800. நல்ல சிறுநீரகம் அதை அன்றாடம் அகற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. பழைய சிறு ஓட்டைச் சல்லடையாலும் முடியாது. அது ஆண்டுக்கணக்கில் தேங்கித் தேங்கி எலும்பிலும் மூட்டிலும் படிகிறது. மணிக்கட்டு நரம்பை நெரிக்கிறது. தோளைத் தூக்கவிடாமல் செய்கிறது. பல ஆண்டு டயாலிசிஸ் செய்தவர்களை வாட்டிய அந்த மூட்டுநோய்க்குக் காரணம் இந்தப் புரதமே என்று சப்பான் நாட்டு ஆய்வாளர்கள் 1985-இல் கண்டறிந்தார்கள். எனவே ஓட்டையைப் பெரிதாக்கிய சல்லடைகள் வந்தன. பெரிதாக்கினால் கெட்டது போகும். மேலும் பெரிதாக்கினால் ஆல்புமினும் கசியும். எவ்வளவு திறப்பது, எவ்வளவு மூடுவது என்பதுதான் இந்த அறிவியலின் உயிர்நாடி.

சல்லடை எந்தப் பொருளால் ஆனது என்பதும் முக்கியம். செலோஃபன் இனத்தைச் சேர்ந்த பழைய சவ்வுகள் பட்டவுடனே குருதியிலுள்ள காம்ப்ளிமென்ட் என்னும் காவற்காரப் புரதங்கள் எதிரி வந்துவிட்டான் என்று எண்ணி எழுந்துவிடும். வெள்ளை அணுக்கள் நுரையீரலிலே போய்த் திரண்டு நிற்கும். 1977-இல் இது மெய்ப்பிக்கப்பட்டது. இன்று பயன்படும் பாலிசல்ஃபோன் போன்ற செயற்கைச் சவ்வுகள் அவ்வளவு கலகம் மூட்டுவதில்லை. இன்னும் ஒரு படி மேலே சென்று, வடிப்பதோடு பெருமளவு நீரை அழுத்தித் தள்ளியும் கழிவை அகற்றும் ஹீமோடயாஃபில்ட்ரேஷன் முறை வந்திருக்கிறது. ஐரோப்பாவில் 1,360 பேரிடம் நடந்து, 2023-இல் வெளியான ஆய்வில், பெரிய ஓட்டைச் சல்லடைமட்டும் பயன்படுத்தியவர்களில் 100-க்கு ஏறத்தாழ 22 பேர் இறந்தபோது, இந்த முறையில் 17 பேர். இதிலே ஆல்புமின் இழப்பு சற்றுக் கூடுதல்தான். ஆனாலும் ஆயுள் கூடியிருக்கிறது. அந்த நோயாளிகள் சத்தான உணவு கிடைக்கும் நாட்டினர் என்பதையும் நாம் மறந்துவிடக்கூடாது.

நம் நாட்டு நடைமுறை ஒன்றையும் சொல்லவேண்டும். ஒருமுறை பயன்படுத்திய சல்லடைக் குழாயைக் கழுவி, அதே நோயாளிக்கு மறுபடியும் மறுபடியும் பயன்படுத்துவது இங்கே வழக்கம். முறையாகச் செய்தால் தவறில்லை; செலவு குறையும். ஆனால் சிலவகைப் பாலிசல்ஃபோன் குழாய்களைப் பிளீச் போட்டுப் பலமுறை கழுவினால் ஓட்டை அகன்று, ஆல்புமின் கிராம் கணக்கில் ஒழுகுகிறது என்பது 1990-களிலேயே அளந்து காட்டப்பட்டது. எத்தனையாவது முறை, எதைக் கொண்டு கழுவினார்கள் என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. கேட்டால் முறைப்பார்கள். முறைக்கட்டும், கேளுங்கள்!

அடுத்து, வயிற்று டயாலிசிஸ். 1976-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் போபோவிச், மான்கிரீஃப் ஆகிய இருவர் வகுத்த வழி. இயந்திரம் வேண்டாம், வயிற்றின் உள்ளுறையே சல்லடை. இரண்டு லிட்டர் நீரை ஒரு குழாய் வழியாக உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்திருந்து, வடித்துவிட்டுப் புதுப் பையை மாட்டவேண்டும். நாளைக்கு நான்கு முறை. வீட்டிலேயே செய்யலாம், மருத்துவமனை வாசலில் வாரம் மூன்று நாள் கிடந்து கூலியை இழக்கவேண்டியதில்லை. உழைப்பவனுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை! 2021 ஆகஸ்டில் கழக ஆட்சி தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்தப் பைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தது. அதன் பெருமையை நாம் பேசாமல் யார் பேசுவது?

பெருமையைப் பேசுகிற வாயாலேயே குறையையும் பேசவேண்டும். வயிற்று உறையின் ஓட்டை இயந்திரச் சல்லடையைப்போல் கட்டுக்கடங்கியது அல்ல. இங்கே செங்கல் மட்டுமல்ல, கட்டிய சுவரே போகிறது! வடித்து ஊற்றும் நீரிலே நாளொன்றுக்கு 5 முதல் 10 கிராம் வரை முழுப் புரதம், அதிலே பெரும்பங்கு ஆல்புமின். ஒரு முட்டையிலே இருக்கும் புரதம் 6 கிராம். அதாவது ஒவ்வொரு நாளும் ஒரு முட்டையோ ஒன்றரை முட்டையோ அந்தப் பையோடு வெளியே ஊற்றப்படுகிறது. வயிற்றிலே கிருமி புகுந்து உறை அழன்றுவிட்டாலோ, இழப்பு இரட்டிப்பாகும். போதாக்குறைக்கு அந்த நீரிலுள்ள சர்க்கரை உடலிலே ஏறிப் பசியையும் மந்தமாக்கிவிடுகிறது. பை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பையிலே போவதைத் தட்டிலே திருப்பித் தரவேண்டும் என்கிறோம்.

தட்டிலே என்ன இருக்கிறது? இங்கேதான் நம் நெஞ்சு கொதிக்கிறது.

சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிய காலத்தில், டயாலிசிஸ் வரும் முன்பு, மருத்துவர் "புரதத்தைக் குறை" என்று சொல்லியிருப்பார். சரியான அறிவுரைதான். புரதம் செரித்து எழும் கழிவை அகற்ற வழியில்லாதபோது கழிவையே குறைப்பது அறிவுடைமை. அமெரிக்கச் சிறுநீரக அறக்கட்டளையின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டி, சர்க்கரை நோய் இல்லாத அத்தகையவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.55 முதல் 0.6 கிராம் என்கிறது. 60 கிலோ மனிதருக்கு 33 முதல் 36 கிராம். ஆனால் டயாலிசிஸ் தொடங்கிவிட்டால்? அதே வழிகாட்டி கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் என்கிறது. அதே மனிதருக்கு 60 முதல் 72 கிராம். ஏறக்குறைய இரண்டு மடங்கு! சட்டம் மாறிவிட்டது, ஆனால் பழைய சட்டத்தையே வீட்டிலே நடத்திக்கொண்டிருக்கிறார்கள். "கிட்னி போனவருக்கு முட்டை ஆகாது, மீன் ஆகாது, கறி ஆகவே ஆகாது" என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார். பத்தியம் என்ற பெயரில் கஞ்சித் தண்ணீரும் கொஞ்சம் சோறும் கொடுக்கிறார்கள். அன்பால் செய்கிறார்கள். ஆனால் அன்பு கணக்கை மாற்றாது.

கணக்கைப் பாருங்கள். நாளெல்லாம் சேர்த்து 300 கிராம் அரிசிச் சோறு உண்டாலும் கிடைப்பது 20 கிராம் சொச்சம். 50 கிராம் பருப்புப் போட்ட சாம்பார் 11 கிராம். ஆக மொத்தம் 32. தேவை 60. மீதி 28 கிராமுக்கு எங்கே போவார் அந்த ஏழை? இரண்டு முட்டையும் 100 கிராம் மீனும் இருந்தால் கணக்கு நேராகிவிடும். இல்லையென்றால், அவருடைய தொடையிலிருந்தும் தோளிலிருந்தும் இயந்திரம் வசூல் செய்துகொள்ளும்!

முட்டை என்றதும் முகஞ்சுளிக்கும் கூட்டமொன்று இந்த நாட்டிலே உண்டு. 2015-இல் மத்தியப் பிரதேச முதலமைச்சர் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கிடையாது என்றார். 2021-இல் கருநாடகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை தரப் போனபோது மடாதிபதிகள் சிலர் போர்க்கொடி தூக்கினார்கள். பசித்த பிள்ளையின் தட்டிலே சாத்திரத்தைப் பரிமாறினவர்கள்! தமிழகத்திலே 2010-இல் சத்துணவில் வாரத்துக்கு ஐந்து முட்டை என்றானது. முட்டை வேண்டாதவர்க்கு வேறு வழி உண்டு. பருப்பு, சோயா, அளவோடு தயிர் என்று திட்டமிட்டுக் கொடுக்கலாம். சைவர் சைவமாகவே தேறட்டும், நமக்கு வழக்கில்லை. ஆனால் அவருடைய நம்பிக்கையை அடுத்தவர் தட்டிலே கொண்டுவந்து வைக்காதிருக்கட்டும்.

புரதம் வேண்டும் என்பதால் கண்டதையெல்லாம் தின்னலாம் என்று பொருளல்ல. பாஸ்பரசும் பொட்டாசியமும் சிறுநீரகம் இல்லாதவருக்குப் பகைவர்கள். இளநீரும் வாழைப்பழமும் நமக்கு அமுது. அவருக்கு, அளவு மீறினால், இதயத்தையே நிறுத்திவிடும் ஆபத்து. முட்டையிலும் பாஸ்பரஸ் பெரும்பாலும் மஞ்சள் கருவில்தான். வெண்கரு கிட்டத்தட்டத் தூய புரதம். யாருக்கு எவ்வளவு என்பதைச் சொல்ல உணவு வல்லுநர் ஒருவர் வேண்டும். ஒவ்வொரு டயாலிசிஸ் நிலையத்திலும் வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆல்புமின் குறைவுக்குச் சோறு மட்டும் காரணமல்ல. உடலிலே எங்காவது கிருமித் தொற்றோ அழற்சியோ இருந்தால், கல்லீரல் தன் ஆலையிலே ஆல்புமின் உற்பத்தியைக் குறைத்துவிட்டுப் போர்க்காலச் சரக்கைச் செய்யத் தொடங்கிவிடும். கழுத்திலே மாதக்கணக்கில் தொங்கும் குழாய், சொத்தைப் பல், ஆறாத கால் புண், இவையெல்லாம் ஆல்புமினைத் தின்னும் திருடர்கள். கழுத்துக் குழாயைவிடக் கையிலே நாளங்களை இணைத்துச் செய்யும் ஃபிஸ்டுலா பாதுகாப்பானது. அதை முன்கூட்டியே செய்துகொள்வது நல்லது. காசில்லை என்றோ பேருந்து இல்லை என்றோ வாரம் மூன்றை இரண்டாகக் குறைத்துக்கொள்பவர்களும் உண்டு. அவர்களுக்குக் கழிவு தேங்கி வாய் கசக்கும், குமட்டும். தட்டிலே முட்டை இருந்தாலும் உள்ளே இறங்காது.

1960-களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டயாலிசிஸ் இயந்திரங்கள் சிலவே இருந்தன. யாருக்கு இயந்திரம், யாருக்குச் சாவு என்று தீர்ப்புச் சொல்ல ஊர்ப் பிரமுகர்கள் அடங்கிய குழு ஒன்று உட்கார்ந்தது. வருமானம் என்ன, வேலை என்ன, தேவாலயத்துக்குப் போகிறாரா என்றெல்லாம் பார்த்தார்கள். பத்திரிகைகள் அம்பலப்படுத்தின, நாடு கொதித்தது, 1972-இல் சட்டம் வந்து, டயாலிசிஸ் செலவை அரசே ஏற்றது. இங்கே 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் ஏழைக்குப் பெரிய மருத்துவத்தின் கதவைத் திறந்தது; 2016-இல் ஒன்றிய அரசு தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்தது. குழு உட்கார்ந்து ஆள் பொறுக்கும் கொடுமை இங்கே இல்லை. ஆனால் தட்டு பொறுக்குகிறதே! ஒரே இயந்திரம், ஒரே சல்லடை, ஒரே நாலு மணி நேரம். மீனும் முட்டையும் வாங்க முடிந்தவர் எழுந்து வேலைக்குப் போகிறார். வாங்க முடியாதவர், அந்த மூன்று நாள் கூலியையும் இழந்தவர், ஆல்புமின் இறங்கி அடுத்த ஆண்டு இல்லாமல் போகிறார். இயந்திரத்துக்குச் செலவிடும் அரசு, அந்தச் செலவு வீணாகாமல் காக்கும் முட்டைக்குச் செலவிட ஏன் தயங்கவேண்டும்?

டயாலிசிஸ் நாளிலே ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு அவித்த முட்டை, அல்லது அதற்கீடான சைவப் புரதம், நிலையத்திலேயே கொடுக்கவேண்டும். இரத்த அழுத்தம் இறங்கும் இயல்புள்ளவர்களுக்கு இயந்திரத்தில் இருக்கும்போது உண்பது ஒவ்வாது. அவர்களுக்கு எழுந்து போகும்போது கையிலே கொடுக்கட்டும். பை போகும் வீட்டுக்குப் பையோடு முட்டையும் போகட்டும். மாதந்தோறும் ஆல்புமினை அளந்து, எண்ணை நோயாளியின் கையேட்டிலே தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். நாமக்கல்லில் நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை பிறக்கிறது. பள்ளிக்கூட வாசலுக்குப் போகத் தெரிந்த வண்டிக்கு மருத்துவமனை வாசலுக்கும் வழி தெரியும்.

கிளைக் கழகத் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். உங்கள் ஊர் அரசு மருத்துவமனை டயாலிசிஸ் நிலையத்துக்கு ஒருமுறை போங்கள். கூட்டமாகப் போகவேண்டாம், இருவர் போதும், நோயாளிகளுக்கு இடைஞ்சல் கூடாது. மருத்துவ அலுவலரிடம் பணிவோடு கேளுங்கள்: இங்கே எத்தனை பேருக்கு நடக்கிறது, வாரம் எத்தனை முறை, ஆல்புமின் கடைசியாக எப்போது பார்த்தீர்கள், சல்லடைக் குழாயை எதைக் கொண்டு கழுவுகிறீர்கள், உணவு வல்லுநர் வருகிறாரா? நோயாளியின் வீட்டாரிடம் கேளுங்கள்: முட்டையை நிறுத்தச் சொன்னது யார், எப்போது, டயாலிசிஸ் தொடங்கும் முன்பா, பின்பா? விடைகளை எழுதி மாவட்டக் கழகத்துக்கு அனுப்புங்கள். சட்டமன்றத்திலே நம்மவர்கள் எழுந்து பேசும்போது கையிலே காகிதம் இருக்கவேண்டும்.